கடல்வழிச் சுற்றுலா: விசாவை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்

விமானத்தில் செல்பவர் ஒரு நாட்டை விட்டுப் புறப்பட்டு இன்னொரு நாட்டில் இறங்குகிறார். சொகுசுக் கப்பலில் செல்பவரோ ஒரே வாரத்தில் மூன்று நான்கு நாடுகளின் கரையைத் தொட்டுவிட்டு, பெரும்பாலும் ஏறிய துறைமுகத்துக்கே திரும்பி வந்து சேர்கிறார். அறை மாறுவதில்லை; பெட்டியை மறுபடியும் கட்ட வேண்டியதில்லை; காலையில் கண் விழித்தால் சன்னலுக்கு வெளியே வேறொரு ஊர் நிற்கிறது. இந்த வசதியே ஒரு மயக்கத்தையும் உண்டாக்கிவிடுகிறது. தாம் பல நாடுகளின் எல்லைகளைக் கடக்கிறோம் என்பது பயணியின் மனத்தில் பதிவதில்லை. குடிநுழைவு அதிகாரியின் ஏட்டில் மட்டும் அது தவறாமல் பதிகிறது.

பணி ஓய்வுக்குப் பின் கிடைத்த தொகையிலோ, பிள்ளைகள் அன்புடன் வாங்கித் தந்த பயணச்சீட்டிலோ முதன்முறையாகக் கப்பல் ஏறும் இந்தியக் குடும்பங்கள் இப்போது பெருகி வருகின்றன. அவர்களுள் சிலர் துறைமுகத்தின் பதிவு மேசையிலிருந்தே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். கடவுச்சீட்டு கையில் இருக்கும், விசாவும் ஒட்டப்பட்டிருக்கும். ஆனால் அந்த விசா ஒரு முறை நுழைவதற்கு மட்டுமே உரியதாக இருக்கும். கப்பல் நிறுவனங்களின் பயண ஒப்பந்தத்தில், ஆவணங்களைச் சரிபார்த்து வைத்துக்கொள்வது பயணியின் பொறுப்பு என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கும். ஆவணக் குறையால் ஏற முடியாமற் போனவருக்குக் கட்டணம் திரும்புவதில்லை. பயணக் காப்பீடும் இத்தகைய இழப்பைப் பொதுவாக ஏற்பதில்லை. இலட்சக்கணக்கில் செலுத்திய தொகை சில நிமிடங்களில் கரைந்துவிடும் இடம் அது.

திரும்பி வருதலும் ஒரு நுழைவே

இந்தியர் மிகுதியாகத் தேர்ந்தெடுக்கும் வழித்தடங்களில் ஒன்று சிங்கப்பூரில் தொடங்கி மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் ஆகியவற்றைத் தொட்டு மீண்டும் சிங்கப்பூரில் முடிவதாகும். ஒரு தம்பதியர் சென்னையிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் சென்று, இரண்டு நாள் தங்கி ஊர் சுற்றிவிட்டு மூன்றாம் நாள் கப்பல் ஏறுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். விமான நிலையத்தில் இறங்கியது முதல் நுழைவு. கப்பல் ஏறும்போது அவர்கள் சட்டப்படி சிங்கப்பூரை விட்டு வெளியேறுகிறார்கள். நான்கைந்து நாள்களுக்குப் பிறகு அதே துறைமுகத்தில் இறங்குவது இரண்டாவது நுழைவு. ஒரே நுழைவுக்கான விசாவுடன் வந்தவரின் விசா முதல் நாளே தன் வேலையை முடித்துக்கொண்டுவிட்டது. திரும்பி வரும்போது நுழைய உரிமையில்லாத ஒருவரை ஏற்றிச் செல்லக் கப்பல் நிறுவனம் முன்வராது. அப்படி ஏற்றி வந்தால் அதற்கான பொறுப்பும் செலவும் அந்த நிறுவனத்தின் தலையிலேயே விழும். ஆகவேதான் மலேசியாவுக்கோ தாய்லாந்துக்கோ உரிய தாள்களைக் கேட்பதற்கு முன்பே, சிங்கப்பூர் விசாவில் எத்தனை நுழைவு என்று எழுதியிருக்கிறது என்பதைப் பதிவு மேசையில் பார்க்கிறார்கள்.

சிங்கப்பூர் வருகை அட்டை என்னும் மின்னணுப் படிவத்தையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். வருகை நாளுடன் சேர்த்து மூன்று நாள்களுக்குள் இதனை இணையவழியே நிரப்பித் தர வேண்டும், கட்டணம் இல்லை. விமானத்தில் வரும்போது ஒரு முறை நிரப்பியவர், கப்பலில் திரும்பும்போது இன்னொரு முறை நிரப்ப வேண்டியிருக்கும். இப்படிவத்துக்குப் பணம் கேட்கும் போலித் தளங்கள் உண்டு என்பதால், அந்நாட்டுக் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தை மட்டுமே நாடுவது நல்லது.

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியருக்கு 30 நாள் விசா விலக்கு அளிக்கத் தொடங்கியது. தாய்லாந்தும் 2024 ஜூலையில் இந்தியரை 60 நாள் விலக்குப் பெறுவோர் பட்டியலில் சேர்த்தது. இத்தகைய சலுகைகள் சுற்றுலா வருவாயை எண்ணி வழங்கப்படுபவை; காலக்கெடு நீட்டிக்கப்படலாம், குறைக்கப்படலாம். பயணச்சீட்டு வாங்கிய நாளில் இருந்த விதி கப்பல் ஏறும் நாளில் இருக்கும் என்று கொள்ளலாகாது. கப்பல் பயணங்களை ஓராண்டுக்கு முன்பே பதிவு செய்யும் வழக்கம் இருப்பதால் இந்த எச்சரிக்கை கூடுதலாகப் பொருந்துகிறது. விசா தேவையில்லை என்பதற்கு, படிவம் ஏதும் தேவையில்லை என்று பொருளில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். மலேசியாவும் தாய்லாந்தும் தத்தமக்கு மின்னணு வருகைப் படிவங்களை ஏற்படுத்தியிருக்கின்றன. கப்பலில் வருவோருக்கு அதனை நிறுவனமே நிறைவேற்றித் தருகிறதா, பயணியே செய்ய வேண்டுமா என்பதைப் பயண முகவரிடம் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுவது உத்தமம்.

ஐரோப்பாவில் எண்ணிக்கை வேறு

மத்தியதரைக் கடற்பயணத்தில் இதே கணக்கு வேறு உருவம் கொள்கிறது. ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள் உள்ளன. பார்சிலோனாவில் ஏறி, மார்சேய், ஜெனோவா, ரோம் நகருக்கு அருகிலுள்ள சிவிட்டாவெக்கியா, மால்ட்டாவின் வலெட்டா எனச் சுற்றித் திரும்பினால் எல்லாமே ஷெங்கன் துறைமுகங்கள்தாம். ஒரு நுழைவே போதுமானது. ஆனால் ஏதென்சு அருகிலுள்ள பிரேயசில் ஏறி, சாண்டோரினி பார்த்து, துருக்கியின் குசாதாசியில் இறங்கி எபேசசின் இடிபாடுகளைக் கண்டு, மீண்டும் கிரேக்கம் திரும்பும் பயணத்தில் நிலைமை வேறு. அந்த ஒரு பகற்பொழுது ஷெங்கன் எல்லைக்கு வெளியே கழிகிறது. மாலையில் கப்பல் திரும்பும்போது பயணி இரண்டாம் முறை நுழைகிறார்.

சுவையான செய்தி என்னவென்றால், துருக்கி இந்த விஷயத்தில் தாராளமாக நடந்துகொள்கிறது. கப்பலில் வந்து துறைமுக நகரையும் அண்டை மாகாணங்களையும் சுற்றிப் பார்ப்பவர்கள் 72 மணி நேரத்துக்கு மிகாமல் விசாவின்றி இறங்கிச் செல்ல அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. ஆக, துருக்கியில் இறங்குவதில் சிக்கலில்லை. கிரேக்கத்துக்குத் திரும்புவதில்தான் சிக்கல் எழுகிறது. குரோவேசியா 2023 ஜனவரி 1 அன்று ஷெங்கனில் இணைந்துவிட்டதால், தூப்ரோவ்னிக் துறைமுகத்துக்கு இருந்த இதே சிக்கல் தீர்ந்துவிட்டது. அதற்குச் சற்றுத் தெற்கே, மலைகளுக்கு நடுவே அழகுறக் கிடக்கும் மாண்டினீக்ரோவின் கோட்டோர் இன்னமும் ஷெங்கனுக்கு வெளியே உள்ளது. இரண்டும் ஒரே பயண நிரலில் அடுத்தடுத்த நாள்களில் வருவதுண்டு. பழைய பயணக் கட்டுரைகளை நம்பி ஆவணம் தயாரிப்பவர்கள் தடுமாறும் இடம் இது.

ஷெங்கன் விசா ஒட்டுச்சீட்டில் நுழைவுகளின் எண்ணிக்கைக்கென்றே ஓர் இடம் உண்டு. அங்கே 01 என்றிருந்தால் ஒரு முறை. 02 என்றிருந்தால் இரு முறை. 'மல்ட்' என்று அச்சிடப்பட்டிருந்தால் பன்முறை. விண்ணப்பப் படிவத்தில் பன்முறை நுழைவு என்று கேட்டிருந்தாலும் தூதரகம் ஒரே நுழைவை வழங்கிவிடக் கூடும். எனவே கடவுச்சீட்டு கைக்கு வந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கட்டத்தைத்தான்; விசா கிடைத்த மகிழ்ச்சியில் பலர் அதைப் பார்ப்பதேயில்லை. விண்ணப்பத்துடன் கப்பல் நிறுவனம் தரும் முழுப் பயண நிரலையும், துறைமுகம் துறைமுகமாக, நாள் குறித்து இணைத்து, எந்த நாளில் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறி எந்த நாளில் திரும்புகிறோம் என்று ஒரு பத்தியில் எழுதித் தந்தால் இந்தத் தவறு நேரும் வாய்ப்புக் குறைகிறது. முன்பு ஐரோப்பா சென்று வந்தவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்திய இந்தியருக்கு இரண்டாண்டுப் பன்முறை விசா வழங்கலாம் என்ற விதியை ஐரோப்பிய ஆணையம் 2024 ஏப்ரலில் ஏற்றுக்கொண்டது.

எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது? பார்சிலோனாவில் ஏறுவதால் ஸ்பெயினிடம் கேட்க வேண்டும் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். விதியோ, எந்த நாட்டில் மிகுதியான நாள்கள் கழிகின்றனவோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது. அவ்வாறு பிரித்துக் காண முடியாதபோதுதான் முதலில் நுழையும் நாட்டிடம். மூன்று இத்தாலியத் துறைமுகங்களும் ஒரு பிரெஞ்சுத் துறைமுகமும் உள்ள பயணத்தில், ஸ்பெயினில் தங்கும் இரவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் விடை இத்தாலியாகவும் இருக்கக் கூடும். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். கடவுச்சீட்டு கடந்த பத்தாண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளிலிருந்து மேலும் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களைக் கொண்டதாகவும் இருக்க வேண்டும். வேறு பல நாடுகள் ஆறு மாதம் கேட்பதால், ஆறு மாதம் என்றே வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. அந்த ஆறு மாதத்தைப் புறப்படும் நாளிலிருந்து எண்ணாமல், பயணம் முடியும் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

1886ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரு மாலைப்பொழுதும்

அமெரிக்காவில் பிள்ளைகளுடன் சில மாதங்கள் தங்கியிருக்கும் பெற்றோர் பலர் அலாஸ்கா கப்பல் பயணத்தை விரும்புகிறார்கள். சியாட்டிலில் ஏறி, ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன் ஆகிய அலாஸ்கா ஊர்களைப் பார்த்துவிட்டுச் சியாட்டிலுக்கே திரும்புவது ஒரு வார காலப் பயணம். புறப்படுவதும் சேர்வதும் அமெரிக்க மண். பார்க்கப் போகும் அலாஸ்காவும் அமெரிக்க மாநிலம். அமெரிக்க விசாவே போதுமென்று எண்ணுவது இயல்புதானே? ஆனால் பயண நிரலின் கடைசிப் பகுதியில், கனடாவின் விக்டோரியா என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் ஒரு மாலைப்பொழுது மட்டுமே கப்பல் அங்கு நிற்கும்.

அந்த மாலைப்பொழுதுக்குப் பின்னால் 1886ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய பயணிகள் கப்பல் சேவைச் சட்டம் நிற்கிறது. வேற்று நாட்டில் பதிவான கப்பல், இடையில் வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல், அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே பயணிகளை ஏற்றிச் செல்லக் கூடாது என்பது அதன் சாரம். உள்நாட்டுக் கப்பல் தொழிலைக் காக்கவே அது இயற்றப்பட்டது. இன்றைய பெரிய சொகுசுக் கப்பல்களோ பகாமாசு, பனாமா, மால்ட்டா, பெர்முடா போன்ற நாடுகளில் பதிவானவை. எனவே சட்டத்தை நிறைவு செய்வதற்காகவே அவை கனடாவில் ஒரு முறை நின்று செல்கின்றன. கொரோனாக் காலத்தில் கனடா தன் துறைமுகங்களை மூடியபோது, 2021 மே மாதம் தனிச் சட்டம் இயற்றித்தான் அமெரிக்கா அந்த ஆண்டின் அலாஸ்கா பயணங்களை மீட்டெடுக்க வேண்டியிருந்தது. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கும் மேலான ஒரு சட்டத்தால், கோயம்புத்தூரிலிருந்து சென்ற ஒரு பாட்டிக்குக் கனடா விசா தேவைப்படுகிறது.

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர் அமெரிக்க விசாவைக் காட்டிக் கனடாவுக்குள் நுழைய இயலாது. கனடாவின் வருகையாளர் விசாவைத் தனியே பெற வேண்டும். நான் விக்டோரியாவில் இறங்கப் போவதில்லை, அறையிலேயே இருந்துகொள்கிறேன் என்ற சமாதானத்தைக் கப்பல் நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. கனடாவிலிருந்து அமெரிக்கா திரும்புவதும் புதிய நுழைவு என்பதால், அமெரிக்க விசா செல்லுபடியாகும் நிலையில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து புறப்படும் முன்பே இரண்டு விசாக்களையும் வாங்கிவிடுவது அலைச்சலைக் குறைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. புறப்பட்ட அமெரிக்கத் துறைமுகத்துக்கே திரும்பும் பயணங்களுக்குக் கடவுச்சீட்டு வேண்டாம், பிறப்புச் சான்றிதழும் அரசு அடையாள அட்டையும் போதும் என்று அமெரிக்கப் பயண ஏடுகளில் படிக்க நேரலாம். அது அமெரிக்கக் குடிமக்களுக்கு உரிய சலுகை. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். அதே அறையில் தங்கும் பெற்றோருக்குப் பொருந்தாது. குடும்பமாகச் செல்லும்போது ஒவ்வொருவரின் குடியுரிமையையும் தனித்தனியே வைத்துப் பட்டியல் போடுவதே முறை.

முதலெழுத்தின் தொல்லை

தமிழர்களுக்கென்றே அமைந்த ஒரு சிக்கலைச் சற்று விரிவாகப் பார்ப்போம். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன் இட்டு எழுதுவது நம் மரபு. குடும்பப் பெயர் என்ற ஒன்று நம்மில் பலருக்கு இல்லை. கடவுச்சீட்டிலோ முதலெழுத்தை விரித்துத்தான் எழுத வேண்டும். சிலருடைய சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் நிற்கிறது. சிலருடையதில் இரு பெயர்களும் ஒரே கட்டத்தில் அமைந்து மற்றது வெறுமையாக இருக்கிறது. வேறு சிலருக்கு ஒற்றைப் பெயர் மட்டுமே உண்டு. ஒரே வீட்டில் கணவர், மனைவி, பிள்ளைகள் மூவகையிலும் இருப்பதைக் காணலாம்.

கப்பல் பதிவுப் படிவங்களில் இரண்டு கட்டங்களும் நிரப்பப்பட்டாக வேண்டும். முகவர் ஏதோ ஒன்றை எழுதிவிடுகிறார். அமெரிக்க விசாவில், ஒற்றைப் பெயருடையவரின் பெயர் குடும்பப் பெயராகவும், இன்னொரு கட்டத்தில் எஃப்.என்.யூ. என்னும் மூன்றெழுத்தும் அச்சாகின்றன. இயற்பெயர் அறியப்படவில்லை என்பதன் குறுக்கம் அது. விமானச்சீட்டில் ஒரு விதம், கப்பற்சீட்டில் ஒரு விதம், விசாவில் மூன்றாவது விதம் என்று பெயர் நின்றால் பதிவு மேசையில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். துபாயில் தொடங்கும் வளைகுடாக் கப்பல் பயணங்களை விரும்புவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. இத்தகையோர் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும் நாளில் பெயரை இரு பகுதிகளாகப் பதிந்துகொள்வது காலத்துக்கும் உதவும். அப்படி மாற்றும்போது வங்கிக் கணக்கு, நிரந்தரக் கணக்கு எண் அட்டை ஆகியவற்றிலும் அதே வடிவம் இருக்குமாறு பார்த்துக்கொண்டால், அந்நியச் செலாவணி வாங்கும் நாளில் நம் கிளைக்கு இரண்டு முறை வர வேண்டியிராது.

கணக்கு அறிக்கை முதல் செலாவணி வரை

விசா அதிகாரி வங்கிக் கணக்கு அறிக்கையில் தேடுவது பெரிய தொகையையல்ல. மாதந்தோறும் வரும் ஊதியமோ ஓய்வூதியமோ, அதற்கேற்ற செலவோ சீராகத் தெரிகிறதா என்பதையே பார்க்கிறார். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரத்தில் உறவினரிடமிருந்து வந்து சேரும் பெருந்தொகை ஐயத்தையே எழுப்பும். வைப்புத்தொகைச் சான்றை இணைக்கலாம். ஆனால் அது கணக்கு அறிக்கைக்கு மாற்றாகாது. கிளையின் முத்திரையும் கையொப்பமும் பெற்ற அறிக்கையையே பல தூதரகங்கள் கேட்கின்றன. பயணச் செலவைப் பிள்ளைகள் ஏற்பதாயின் அவர்களுடைய பொறுப்பேற்புக் கடிதமும் வருமானச் சான்றும் வேண்டும்.

ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுச் செலவுக்குப் பயன்படுத்தலாம். ஒரு பயணத்துக்கு நோட்டுகளாக 3,000 டாலர் வரை எடுத்துச் செல்லலாம். மீதியைப் பயண அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புகளுக்கு முகவர் வசூலிக்கும் மூலவரி தனிச் செலவன்று. வருமான வரிக் கணக்கில் அதனை ஈடுசெய்துகொள்ளலாம் என்பதால், அது நிரந்தரக் கணக்கு எண்ணில் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கப்பலில் அன்றாடச் செலவுகளுக்கு அறை அட்டையையே நீட்டுகிறோம். அதன் பின்னணியில் நம் வங்கி அட்டையில் ஒரு தொகை முன்கூட்டியே நிறுத்திவைக்கப்படுவதுண்டு. புதிதாக வழங்கப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு 2020 முதல் தொடக்கத்தில் முடக்கியே வைக்கப்படுகிறது. அதனைச் செயலியிலோ கிளையிலோ திறந்துவிட்டுக் கிளம்புங்கள்; நடுக்கடலில் ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

நம் கடற்கரையோரப் பயணங்கள்

மும்பை, கோவா, கொச்சி, சென்னை எனச் செல்லும் உள்நாட்டுக் கப்பல்களுக்கு விசாவும் கடவுச்சீட்டும் தேவையில்லை. ஒளிப்படத்துடன் கூடிய அரசு அடையாள அட்டை போதும். இலட்சத்தீவுகள் மட்டும் விலக்கு. 1967ஆம் ஆண்டின் விதிகளின்படி அத்தீவினர் அல்லாத எவரும் நுழைவு அனுமதி பெற வேண்டும். கப்பல் நிறுவனமே பெற்றுத் தருவது வழக்கமென்றாலும், அதற்கான விவரங்களை முன்கூட்டியே அனுப்பியாக வேண்டும். 2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குச் சொகுசுக் கப்பல் சேவை தொடங்கப்பட்டது. அதே கப்பல் இலங்கையைத் தொட்டுவிட்டால் அது வெளிநாட்டுப் பயணம். கடவுச்சீட்டும் அந்நாட்டின் மின்னணுப் பயண அனுமதியும் வேண்டும்.

ஆப்பிரிக்கக் கரையையோ தென் அமெரிக்கக் கரையையோ தொடும் கப்பல்களில் செல்வோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். கென்யா, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து ஆறு நாள்களுக்குள் சான்றின்றி இந்தியா திரும்புவோர் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம். தடுப்பூசி போட்ட பத்தாம் நாளிலிருந்தே சான்று செல்லுபடியாகும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் போதும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இந்த ஊசி போடப்படுகிறது.

கப்பலைத் தவறவிட்டால்

ஏறும்போது கடவுச்சீட்டுகளைச் சேகரித்து, பயணம் முடியும் வரை கப்பல் அலுவலகத்திலேயே வைத்துக்கொள்வது சில வழித்தடங்களில் வழக்கம். துறைமுக அதிகாரிகளிடம் மொத்தமாகக் காட்டுவதற்காக அவ்வாறு செய்கிறார்கள். பயணி அறை அட்டையை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் பார்க்கச் செல்கிறார். கரையில் நேரம் போனது தெரியாமல் கப்பலைத் தவறவிட்டால், அவருடைய கடவுச்சீட்டை எடுத்துத் துறைமுக முகவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பல் புறப்படுவதே பொதுவான நடைமுறை. அதன்பின் அடுத்த துறைமுகத்துக்கு விமானத்திலோ தரைவழியாகவோ சென்று சேர்வது அவர் பாடு. கப்பலில் வருவோருக்கென்று அளிக்கப்பட்ட விசாச் சலுகை, விமானத்தில் பறந்து வருபவருக்குப் பொருந்தாமற் போகலாம். நெஞ்சுவலியோ எலும்பு முறிவோ நேர்ந்து ஒருவரை நடுவழியில் இறக்கி மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலும் இதே கேள்வி எழும். உடன் வந்த துணைவருக்கும் எழும். வயது முதிர்ந்தவர்கள் செல்லும் பயணத்தில், நிரலில் உள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் முழு விசாவை வாங்கிக்கொண்டு போவது மிகையான முன்னெச்சரிக்கை ஆகாது.

கரைக்கு இறங்கும் ஒவ்வொரு முறையும் கடவுச்சீட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசாப் பக்கங்கள் ஆகியவற்றின் நகலையும், கப்பலின் துறைமுக முகவருடைய தொலைபேசி எண்ணையும், காப்பீட்டு எண்ணையும் ஒரு தாளில் உடன் வைத்திருங்கள். முகவரின் எண் அன்றாடம் அறைக்கு வரும் நிகழ்ச்சி நிரலில் அச்சிடப்பட்டிருக்கும். கடவுச்சீட்டே தொலைந்துபோனால் அருகிலுள்ள இந்தியத் தூதரகம் அவசரச் சான்றிதழ் வழங்கும். அதனைக் கொண்டு இந்தியாவுக்குத் திரும்பலாம். கப்பல் ஏறி அடுத்த துறைமுகத்துக்குச் செல்ல முடியாது.